ஒற்றை மலையின் சீதோஷ்ணம்: திருவண்ணாமலையைப் பற்றிய ஒரு பூகோள விசாரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவண்ணாமலையைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்தானென்றால், அவன் ஸ்தல புராணத்தையோ, பஞ்சபூத தத்துவத்தையோ, அருணகிரிநாதர் முதலாக ரமண மஹர்ஷி ஈறாக அம்மலையடியில் வாழ்ந்த மகான்களின் சரித்திரத்தையோ எடுத்துரைப்பான் என்று சபையோர் எதிர்பார்ப்பது இயல்பே. அத்துறைகளில் வல்லவர்களுக்கு இந்நாட்டில் குறைவில்லை. பூகோள சாஸ்திரத்தைப் பாடஞ்சொல்லியே காலத்தைக் கழித்த நான், அப்பெருமலையை ஒரு பாறையாகவும், அதன் அடியில் அமைந்த நகரத்தை மழைக்கும் வெயிலுக்கும் உட்பட்ட ஓர் ஊராகவும் கண்டு, அந்தக் காட்சியில் எனக்குத் தெளிவாகப்பட்ட ஒரே கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அண்ணாமலை மழையைப் பெய்விக்கும் மலையன்று. பெய்த மழையை எட்டுத் திக்கிலும் பங்கிட்டுக் கொடுக்கும் மலை. அந்தப் பங்கீட்டை அறிந்தவர்கள் ஊரை ஒருவிதமாக அமைத்தார்கள். மறந்தவர்கள் வேறுவிதமாக அமைத்து வருகிறார்கள். என் பேச்சு முழுவதும் இவ்விரண்டு அமைப்புகளுக்கும் இடையிலுள்ள வேற்றுமையைப் பற்றியதே.

இடம்

வட அட்சம் 12 பாகை 14 கலையிலும், கிழக்குத் தீர்க்கம் 79 பாகை 4 கலையிலும், வங்கக் கடலின் புதுச்சேரிக் கரையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உள்நாட்டிலும் இந்நகரம் இருக்கிறது. மேற்கிலும் வடமேற்கிலும் சவ்வாது மலைத்தொடர், தென்மேற்கில் கல்வராயன் மலைத்தொடர், இரண்டுக்கும் இடையே செங்கம் கணவாய், கிழக்கே கடல்வரை சரிந்துசெல்லும் சமவெளி என்று இப்பிரதேசத்தின் உருவத்தைச் சுருக்கிச் சொல்லலாம். பாராமகால் நாட்டிலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்குகிற சேனைகளுக்கு அந்தக் கணவாயே வாயிலாக இருந்தபடியால், 1767-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒருபுறமாகவும், கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலப் படை மறுபுறமாகவும் முதலில் செங்கத்திலும் அடுத்துத் திருவண்ணாமலையிலும் மோத நேர்ந்தது. அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்னரே, பரிசில் நாடிப் புறப்பட்ட கூத்தர் கூட்டத்துக்கு இதே நாட்டின் வழியை அடிஅடியாகச் சொல்லிக் கொடுத்த புலவர் ஒருவர் உண்டு. 583 அடிகளில் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், நன்னன் என்னும் குறுநில மன்னனின் செங்கண்மாவையும், சேயாற்றையும், இன்று பர்வதமலை என்று கருதப்படும் நவிர மலையையும், இடறும் பாறைகளும் மூடிக்கிடக்கும் குழிகளும் உள்ளிட்ட வழியின் அபாயங்களையும் அவ்வளவு நுட்பமாக வர்ணிப்பதால், இப்பகுதியின் முதல் பூகோள நூல் என்று அதனைச் சொன்னால் தமிழாசிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இத்தொடர்களில் எதிலும் சேராமல் சமவெளியின் நடுவே தனித்து நிற்பது அண்ணாமலை. தமிழ்நாட்டின் வட பகுதிக்கு அடித்தளமான பாறைக்குலம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையது. இமயமலை எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுகளே ஆகின்றன. கணக்கற்ற யுகங்களாக மழையும் வெயிலும் காற்றும் மெலிந்த பாறைகளை அரித்துக் கரைத்துச் சமவெளியாக்கிவிட, அரிப்புக்கு இடங்கொடாத வலிய பாறை மட்டும் எஞ்சி நின்றதையே நாம் மலையென்று வணங்குகிறோம். ஆகவே இம்மலை மேலே எழும்பி உயர்ந்ததென்பதைவிட, சுற்றியிருந்த நிலம் தாழ்ந்துபோனதால் உயரமாயிற்றென்பதே உண்மைக்கு நெருக்கமானது.

உயரமும் பருமனும்

அண்ணாமலையின் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 2,668 அடி என்று கணக்கிடப்பட்டுள்ளது. நகரம் ஏறத்தாழ 600 அடியில் இருப்பதால், ஊரிலிருந்து மலை இரண்டாயிரம் அடி எழுந்து நிற்கிறது. ஆயிரம் அடிக்கு இரண்டு பாகை செல்ஷியஸ் வீதம் உஷ்ணம் குறையும் என்னும் பொது விதியின்படி, உச்சியில் நிற்பவனுக்கு அடிவாரத்தைவிட நான்கு பாகை குளிர்ச்சி கிடைக்க வேண்டும்; ஓரளவு கிடைக்கவும் செய்கிறது. ஆனால் இம்மலையை ஒரு மலைவாசஸ்தலமென்று எவரும் சொன்னதில்லை. காரணத்தை அறிய, அதே உயரமுள்ள இன்னோர் இடத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சவ்வாது மலைமேல் காவலூர் என்னும் சிற்றூர் 725 மீட்டர் உயரத்தில், அதாவது சுமார் 2,380 அடியில் இருக்கிறது. அண்ணாமலை உச்சியைவிடச் சற்றுத் தாழ்வு. வானியல் அறிஞர் வைணு பாப்பு 1960-களில் தேர்ந்தெடுத்த அந்த இடத்தில், நகரங்களின் வெளிச்சமும் புழுதியும் எட்டாத ஆகாசத்தை நோக்கி, 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. அதே மலைநாட்டின் தலையூரான ஜமுனாமரத்தூரோ, சுற்றிலும் சிகரங்கள் சூழ்ந்த உள்நாட்டுப் பள்ளத்தாக்கில், பலாவும் புளியும் தேனும் சாமையும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் சந்தையூராக இருக்கிறது. அங்கே இரவில் கம்பளி வேண்டும். மழைக்காலத்தில் பீமன் நீர்வீழ்ச்சி கொட்டும். செய்யாறும், செண்பகத்தோப்பு அணைக்கு நீர் தரும் கமண்டல நாகநதியும் அம்மலைத்தொடரிலேயே பிறக்கின்றன. உயரம் ஏறத்தாழ ஒன்றாயிருக்க, ஓரிடத்தில் நதிகள் பிறப்பதும் மற்றோரிடத்தில் ஓர் ஓடைகூட ஆண்டு முழுவதும் ஓடாதிருப்பதும் ஏன்?

வேற்றுமை உயரத்தில் இல்லை, பருமனில் இருக்கிறது. சவ்வாது மலை பல காத தூரம் பரந்த பீடபூமி. ஈரக்காற்று அதன்மேல் ஏறித்தான் ஆகவேண்டும், ஏறினால் குளிர்ந்து மேகமாகித்தான் ஆகவேண்டும். பெய்த மழையை ஆழ்ந்த மண்ணும் காடும் பிடித்துவைத்து, மாதக்கணக்கில் கசியவிடுகின்றன. அண்ணாமலையோ ஒரு முனை. காற்று அதன்மேல் ஏறவேண்டிய அவசியமின்றி இருபுறமும் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. மலை நம் கண்ணுக்கு எவ்வளவு பிரம்மாண்டமாகத் தோன்றினாலும், மேகத்தின் அளவுகோலுக்கு அது மிகச் சிறியது. மழை இங்கே சமவெளிக்கு எவ்வாறு வருகிறதோ அவ்வாறே மலைக்கும் வருகிறது.

ஆண்டின் நடை

அப்படியானால் சமவெளிக்கு மழை எவ்வாறு வருகிறது? ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். லண்டன் நகரத்தின் ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவே என்று சொன்னால், ஏரி வறண்டு கிடப்பதைப் பார்த்துப் பழகிய நம் மாணவர்கள் வியப்படைவார்கள். ஆனால் லண்டனில் அந்த மழை ஆண்டு முழுவதும் தூறலாகப் பரவி விழுகிறது. இங்கே அது சில பத்து நாட்களின் சில மணி நேரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. எஞ்சிய நாட்களெல்லாம் வெயிலுக்கே உரியவை. தேங்கிய நீரில் பெரும்பங்கை அவ்வெயில் ஆவியாக்கி எடுத்துக்கொள்கிறது.

தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்து, இரவில் பனி இறங்கி, விடியற்காலை இதமாக இருக்கும். பங்குனியில் தொடங்கும் உஷ்ணம், சித்திரை, வைகாசியில் அக்கினி நட்சத்திரமென்று நாம் அழைக்கும் கத்திரி நாட்களில் 40 பாகையைத் தாண்டும். பகல் முழுவதும் வெயிலை வாங்கிய பாறை இரவில் அதைத் திருப்பிக் கொடுப்பதால், மலையை ஒட்டிய தெருக்களில் நள்ளிரவுக்குப் பிறகும் புழுக்கம் அடங்குவதில்லை. “அக்கினி க்ஷேத்திரமாயிற்றே, சூடு இல்லாமலிருக்குமா?” என்று ஊரார் சொல்வதில் பக்தி இருக்கிறது, பௌதிக சாஸ்திரத்துக்கும் அதில் ஆக்ஷேபணை இல்லை. ஊருக்கு இம்மலை செய்யும் ஒரு சிறு உபகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். கோயில் மலையின் கிழக்கடியில் இருக்க, உச்சி அதற்கு வடமேற்கே இருப்பதால், சூரியன் வடக்கு ஓரமாகச் சாய்கிற கோடை மாலைகளில் மலையின் நிழல் அஸ்தமனத்துக்கு முன்பே ஊர்மேல் விழுந்து, சமவெளியின் பிற ஊர்களைவிடச் சற்று முன்னதாகவே வெயில் தணிகிறது.

ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்திலேயே தன் ஈரத்தைப் பெரும்பாலும் இறக்கிவிட்டு வருவதால் புழுதியைத்தான் கிளப்பும். ஆவணி, புரட்டாசியிலோ நிலைமை மாறுகிறது. பகல் உஷ்ணத்தால் மேலெழும் காற்று, பிற்பகலில் மேகமாகத் திரண்டு, மாலையிலும் முன்னிரவிலும் இடியும் மின்னலுமாகப் பொழிகிறது. அண்டை ஊர் ஏரியில் வெள்ளமும் நம் ஏரியில் தூசியுமாக இருக்கும் விந்தை இவ்விடிமழைக்கே உரியது. மணிலா பயிரிடும் மானாவாரி விவசாயி இம்மழையை நம்பியே விதைக்கிறான். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றும் கடலில் தோன்றும் புயல்களும் வந்து ஏரிகளை நிரப்ப வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டில் ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். இரண்டும் பொய்த்தால் என்ன நேரும் என்பதை 1876 முதல் 1878 வரை வட ஆர்க்காடு ஜில்லாவையும் வாட்டிய தாது வருஷப் பஞ்சம் காட்டிச் சென்றது. பருவமழை ஓயத் தொடங்கும் கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி, உச்சியில் மஹாதீபம் ஏற்றப்படுகிறது. மழையால் கழுவப்பட்டுத் தூசு அடங்கிய ஆகாசத்தில் அச்சுடர் பல மைல் தூரத்துக்குத் தெரிவதற்கு, தனிமலையின் அமைப்போடு பருவகாலமும் துணை நிற்கிறது.

நீரின் வழி

இப்போது என் பேச்சின் நடுவிடத்துக்கு வருகிறேன். நான்கு பக்கமும் சாய்ந்த கூரையின் மீது மழை பெய்தால், நீர் ஒரே பக்கம் சேராமல் சுற்றிலும் தாழ்வாரத்தில் வடியுமல்லவா? அண்ணாமலை அத்தகைய கூரை. தொடர்மலையில் ஓடைகள் கூடிக்கூடி நதியாகும். தனிமலையிலோ அவை ஒன்றையொன்று விட்டு விலகிச் செல்லும். ஆகையால் இவ்வூருக்கென்று ஒரு நதி இல்லை. செய்யாறு வடக்கே ஒதுங்கிச் செல்கிறது. தென்பெண்ணை தெற்கே ஒதுங்கிச் செல்கிறது. அதில் சேரும் துரிஞ்சலாறு மழைக்காலத்தில் மட்டுமே ஆறு. நதியற்ற ஒரு க்ஷேத்திரம் நீருக்கு என்ன செய்யும்? தாழ்வாரம் நெடுகிலும் பாத்திரம் வைக்கும். அதையே நம் முன்னோர் செய்தார்கள்.

மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் வலம் வருகிற ஒருவர், இந்திர லிங்கம் தொடங்கி அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர லிங்கங்களைக் கடந்து ஈசான்ய லிங்கம்வரை எட்டுத் திக்குகளையும் தொட்டுச் செல்கிறார். வழியெங்கும் தீர்த்தங்களையும் குளங்களையும் தரிசிக்கிறார். அந்தப் பாதையைப் பூகோளக் கண்ணோடு பார்த்தால், மலைச்சரிவு முடிந்து சமவெளி தொடங்குகிற விளிம்பின் மேலேயே பெரும்பாலும் அது செல்வது புலப்படும். மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒவ்வொன்றும் அப்பாதையைக் கடந்தாக வேண்டும். அது கடக்கிற இடத்துக்கு அருகே பெரும்பாலும் ஒரு குளம் இருக்கும். மலைநீரை முதலில் தீர்த்தம் ஏற்கும். தீர்த்தம் நிரம்பினால் வரத்துக்கால்வாய் வழியே ஏரி ஏற்கும். ஏரி நிரம்பினால் கலிங்கு வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கிருஷ்ணதேவராயர் ஆயிரங்கால் மண்டபத்தை எடுப்பித்தபோது அதன் எதிரே திருக்குளத்தையும் எடுப்பித்தார். கோயிலுக்குள் சிவகங்கையும் பிரம்ம தீர்த்தமும், ஊருக்குள் அய்யங்குளம், ஊருக்கு வெளியே சமுத்திரம் ஏரி என்று படிப்படியாக விரியும் இந்த அமைப்பில், பக்தியும் நீர்ப்பாசனமும் வெவ்வேறு இலாகாக்களாக இருக்கவில்லை.

மலைமேல் நீரின் அருமை எத்தகையது என்பதற்கு ரமண மஹர்ஷியின் வாசஸ்தலங்களே சாக்ஷி. 1896-இல் வந்த அவர், 1899 முதல் 1916 வரை விருபாக்ஷ குகையில் வசித்தார். கோடையில் அங்கே நீருக்குக் கஷ்டமாதலால், முலைப்பால் தீர்த்தத்தின் அருகிலுள்ள மாமரத்துக் குகைக்கு இறங்கிவந்து தங்குவது வழக்கமாயிற்று. பின்னர் வற்றாத ஊற்றுள்ள ஸ்கந்தாச்ரமத்தில் 1922 வரை இருந்தார். முற்றத் துறந்த ஞானிக்கும் அண்ணாமலை தன் நீர்க்கணக்கைத் தளர்த்தவில்லை.

அந்தக் கணக்கில் காட்டின் பங்கு பெரிது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் இரையாகி, கோடைதோறும் புற்றீயால் கருகி, சென்ற நூற்றாண்டில் இம்மலை மொட்டையாய் நின்றது. மரமற்ற சரிவில் விழுந்த மழை மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரு மணிப்பொழுதில் அடிவாரம் சேர்ந்துவிடும். 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகளும் வனத்துறையும் கன்றுகள் நட்டு, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி, மலையின் சில முகங்களில் பசுமையை மீட்டிருப்பது பாராட்டத்தக்கது. புதிய காடு மழையைக் கூட்டிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். விழுந்த மழையை நிறுத்தி மண்ணுக்குள் இறங்கச் செய்யும் என்று உறுதியாகச் சொல்வேன்.

2024-ஆம் ஆண்டுக் கார்த்திகை

பழைய அமைப்பு எதற்காக ஏற்பட்டது என்பதை நாம் மறந்திருந்த வேளையில், மலையே அதனை நினைவூட்டியது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், வழக்கம்போல் விரைந்து உள்நாட்டுக்குள் கரைந்துவிடாமல், ஏறிய இடத்திலேயே நெடுநேரம் தங்கி, விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் பெருமழையைக் கொட்டியது. 1958-இல் கட்டி முடிக்கப்பட்டு, 119 அடி நீர்மட்டமும் 7,321 மில்லியன் கனஅடிக் கொள்ளளவும் உடைய சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லக்ஷம் கனஅடிக்கு மேல் திறந்துவிட நேர்ந்து, தென்பெண்ணைக் கரை ஊர்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. டிசம்பர் 1-ஆம் தேதி, அண்ணாமலைச் சரிவையொட்டிய வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழ, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் 13-இல் மஹாதீபம் ஏற்றப்பட்டபோது, பக்தர்கள் மலையேறுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டது.

இதை விதியென்று சொல்லிவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. அந்த ஏழைகளின்மேல் பழி சுமத்துவதற்கோ சற்றும் ஒப்பவில்லை. சரிவின் இயல்பு எளிதில் விளங்கக்கூடியது. நீர் புகாத பாறையின்மேல் மெல்லிய மண்போர்வை. அம்மண்ணில் புதைந்தும் புதையாமலும் உருண்டைப் பாறைகள். இடைவிடாத மழையில் மண் நீர் குடித்துக் கனக்கிறது. உள்ளே தேங்கிய நீரின் அழுத்தத்தால் பாறையோடு அதற்குள்ள பிடிப்புத் தளர்கிறது. ஒரு கட்டத்தில் மண்ணும் அது தாங்கிய பாறைகளும் ஒருசேர இறங்கிவிடுகின்றன. சரிவை வெட்டி மனையாக்கிய இடத்தில் இந்த அபாயம் பன்மடங்காகிறது. மலையடியை நீருக்கும் நடைக்கும் விட்டுவிட்டுக் கிழக்கே தள்ளி ஊரை வளர்த்த பழைய முறையில், இத்தகைய சரிவு பெரும்பாலும் காட்டிலேயே தொடங்கிக் காட்டிலேயே முடிந்திருக்கும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் 1,45,278 பேர் இருந்தனர். 2024-இல் அது மாநகராட்சியாயிற்று. பௌர்ணமிதோறும் லக்ஷக்கணக்கான யாத்ரிகர்கள் வருகிறார்கள். நிலத்தின் விலை ஏற ஏற, கையில் காசில்லாதவன் மலைமேல் ஏறுகிறான். காசுள்ளவன் ஓடைக்கால்வாயைத் தூர்த்து விடுதி கட்டுகிறான். குடிநீர் சாத்தனூரிலிருந்து குழாயில் வந்துவிடுவதால், உள்ளூர்க் குளம் நிரம்பாமற்போனாலும் அதைக் கேட்பாரில்லை.

செய்யத்தக்கவை

நோயைச் சொன்னவன் மருந்தையும் சொல்லக் கடமைப்பட்டவன். முதலாவதாக, அண்ணாமலையிலிருந்து இறங்கும் ஓடை ஒவ்வொன்றையும், அது கிரிவலப் பாதையைக் கடக்கிற இடத்தையும், சேருகிற குளத்தையும் காட்டும் படமொன்று தயாரிக்கப்பட்டு, மனை வாங்க வருகிறவன் கண்ணில் படும்படி மாநகராட்சி வாயிலில் வைக்கப்பட வேண்டும். கிரிவலப் பாதையின் அடியில் நீர் செல்லும் கண்கள் ஆவணி பிறக்குமுன் ஆண்டுதோறும் தூர்வாரப்பட வேண்டும். சரிவில் குடியிருப்போரை அகற்றுவதானால், அவர்கள் பிழைப்புக்குத் தூரமில்லாத இடத்தில் வீடு கொடுத்த பிறகே அகற்ற வேண்டும்; இல்லையேல் வேறொரு சரிவில் அவர்கள் மீண்டும் ஏறுவார்கள்.

இவையெல்லாம் சர்க்காரின் காரியங்கள். பள்ளிக்கூடங்களால் ஆகக்கூடிய ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். இம்மலையின் கிழக்கு முகத்தில் எவ்வளவு பெய்கிறது, மேற்கு முகத்தில் எவ்வளவு பெய்கிறது, எந்தத் திக்கின் ஓடை முதலில் பெருகுகிறது என்பவற்றை அறியாமல் மேற்சொன்ன படம் பூர்த்தியாகாது. மழைமானி என்பது ஒரு புனலும் ஒரு பாத்திரமும் ஓர் அளவுக் குழாயுமே. காலை எட்டரை மணிக்கு அளந்து, மில்லிமீட்டரில் எழுதிவைத்தால் போதும், அதற்குப் பெரிய படிப்பொன்றும் வேண்டியதில்லை. எட்டு லிங்கங்களும் எட்டுத் திக்குகளில் ஏற்கெனவே நிற்கின்றன. அவ்வவற்றுக்கு அண்மையிலுள்ள பள்ளி ஒவ்வொன்றும் ஒரு மழைமானியை ஏற்றுக்கொண்டு, மாணவர்கள் முறைவைத்து அளந்து எழுதிவந்தால், பத்தாண்டுக்குள் அண்ணாமலையின் மழைப் பங்கீடு எண்களாக நம் கையிலிருக்கும். எந்தத் திக்கில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் எந்தத் தெருவை எச்சரிக்க வேண்டும் என்பதை அப்போது ஊராரே சொல்லிவிடலாம். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டு வருமானத்தில் ஒரு சிறு பகுதியை எட்டு மழைமானிகளுக்கு ஒதுக்குமாறு நிர்வாகிகளைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.